காசு போட்டால் பாடும் ஜாஸ்



ப்ளூ நோட் என்ற இசைத்தட்டுக் கம்பெனியின் பெயரைச் சொன்னதும் ஜாஸ் கேட்டுப் பழகியவர்களுக்கு முதலில் ஞாபகம் வருவது அட்டைதான். ஒரே சாயம் பூசிய புகைப்படம், சிகரெட் புகைக்குள் பாதி தெரியும் முகம், பக்கத்தை அடைக்கும் எழுத்து. ரீட் மைல்ஸ் என்பவர் வடிவமைத்த அந்த எல்.பி. எனும் பெரிய தட்டுகளின் அட்டைகளைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுகிறார்கள். மைல்ஸுக்கு ஜாஸ் அவ்வளவாகப் பிடிக்காது, அவர் மேற்கத்திய சாஸ்திரிய இசை ரசிகர் என்பது வேறு கதை. நான் இன்று பேச வந்திருப்பது அட்டையே இல்லாத தட்டுகளைப் பற்றி. ஏழு அங்குலம், நடுவில் பெரிய ஓட்டை, நிமிடத்துக்கு 45 சுற்று, சாதாரணக் காகித உறை. அதே கம்பெனி, அதே இசைஞர்கள், அதே ஒலிப்பதிவு. ஆனால் சுவரில் மாட்ட ஒன்றும் இல்லாததால் யாரும் பேசுவதில்லை.

ஜாஸ் வரலாறு எழுதியவர்கள் பலருக்கு இந்தச் சின்னத் தட்டுகள் மேல் ஒரு இளக்காரம் உண்டு. எல்.பி. கலை, சிங்கிள் எனப்படும் சின்னத் தட்டு வியாபாரம் என்று அவர்கள் கோடு கிழித்துவிட்டார்கள். பத்து நிமிட இசையை வெட்டிக் கூறுபோட்டு விற்றது என்ன கலை என்று கேட்பார்கள். எனக்கு இது ஏற்புடையதல்ல. ஹார்ட் பாப், சோல் ஜாஸ் என்ற இரண்டு ஜாஸ் பாணிகளும் ஏன் அந்த வடிவத்தில் வந்தன, யாருக்காக வாசிக்கப்பட்டன என்பதை எல்.பி.யை மட்டும் வைத்துப் புரிந்துகொள்ள முடியாது. அந்த இசை தன் சொந்த ஜனங்களைச் சந்தித்த இடம் இந்தத் தட்டு.

கம்பெனி பிறந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆல்ஃபிரட் லயன் பெர்லினில் பிறந்த யூதர். 1938 டிசம்பரில் நியூயார்க் கார்னகி ஹாலில் நடந்த ஒரு கச்சேரியில் ஆல்பர்ட் அம்மன்ஸ், மீட் லக்ஸ் லூயிஸ் என்ற இரண்டு பூகி-வூகி பியானோக்காரர்களைக் கேட்டார். தலை கிறுகிறுத்துப் போனது. 1939 ஜனவரியில் இருவரையும் அழைத்து வந்து தட்டு பதிந்தார். ப்ளூ நோட் அப்படித்தான் தொடங்கியது. அந்த ஆண்டின் கடைசியில் பெர்லின் பால்ய நண்பர் ஃபிரான்சிஸ் வுல்ஃப் வந்து சேர்ந்தார். தொழிலால் புகைப்படக்காரர். நான் முதலில் சொன்ன அந்தப் புகை சூழ்ந்த முகங்கள் பெரும்பாலும் அவர் எடுத்தவை. இரண்டு அகதிகள் நடத்திய சின்னக் கம்பெனி அது. கையில் காசு என்றுமே தாராளமாக இருந்ததில்லை. ஆனாலும் ஒலிப்பதிவுக்கு முன்னால் ஒத்திகைக்கென்றே தனியாகச் சம்பளம் கொடுத்தார்கள். அந்தக் காலத்தில் ஜாஸ் கம்பெனி எதுவும் அப்படிச் செய்வது அபூர்வம்.

மூன்றாவது ஆளையும் சொல்ல வேண்டும். ரூடி வான் கெல்டர். பகலில் கண் பரிசோதித்து மூக்குக்கண்ணாடி எழுதிக்கொடுக்கும் வேலை. மாலையில் நியூ ஜெர்சியின் ஹேக்கன்சாக்கில் பெற்றோர் வீட்டு வரவேற்பறையில் ஒலிப்பதிவு. இன்று நாம் தலைமேல் வைத்துக் கொண்டாடும் பல தட்டுகள், சோபாவை ஓரம் தள்ளிவிட்டுப் பதிந்தவை. 1959இல்தான் அவர் எங்கில்வுட் கிளிஃப்ஸில் தனி ஸ்டூடியோ கட்டினார். பழைய ப்ளூ நோட் தட்டைக் கையில் எடுத்தால், இசை முடிந்து லேபிள் தொடங்கும் முன் இருக்கும் வழவழப்பான வளையத்தைச் சாய்த்து வெளிச்சத்தில் பாருங்கள். ஆர், வி, ஜி என்று அவர் பெயரின் மூன்று எழுத்து தெரியும். சேகரிப்பவர்கள் லேபிளைப் பார்ப்பதற்கு முன் அதைத்தான் தேடுவார்கள்.

இப்போது இந்தத் தட்டுகள் ஒலித்த, காசு போட்டால் பாடும் பெட்டியான ஜூக் பாக்ஸுக்கு வருவோம். 45 சுற்றுத் தட்டை ஆர்.சி.ஏ. விக்டர் 1949இல் அறிமுகப்படுத்தியது. அடுத்த ஆண்டே ஐம்பது தட்டு, அதாவது நூறு பாட்டு, உள்ளே அடுக்கி வைக்கும் ஜூக் பாக்ஸை சீபர்க் கம்பெனி இந்த அளவுத் தட்டுக்கென்று கொண்டுவந்தது. நாணயத்தைப் போட்டு ஒரு எழுத்தையும் ஒரு எண்ணையும் அமுக்கினால் பாட்டு வரும். அந்த ஆண்டுகளில் தெற்கிலிருந்து வடக்கு நகரங்களுக்கு வேலை தேடிக் குடிபெயர்ந்த கறுப்பின மக்களின் குடியிருப்புகளில், அதாவது ஹார்லெம், நியூவர்க், ஃபிலடெல்ஃபியா, சிகாகோவின் தென்பகுதி ஆகிய இடங்களில், மூலைக்கு ஒரு மதுக்கடையும் கடைக்கு ஒரு பெட்டியும் இருந்தன. ஷிஃப்ட் முடித்து வந்தவர்கள் கேட்டது பிளூஸ், ரிதம் அண்ட் பிளூஸ், அதோடு ஜாஸ். கார்னகி ஹால் டிக்கெட் வாங்க முடியாதவர்கள் இசைஞரைக் கேட்டது இங்கேதான். எந்தத் தட்டு எத்தனை முறை ஒலித்தது என்று எண்ணும் மீட்டரும் சில பெட்டிகளில் உண்டு. பெட்டியை நடத்துபவர் வந்து பார்ப்பார். ஓடாத தட்டைத் தூக்கிவிட்டு வேறு தட்டை வைப்பார். எந்த விமர்சகரின் தயவும் இல்லாமல் நடந்த தேர்வு அது.

அப்படிப்பட்ட பெட்டியில் நிற்க வேண்டுமென்றால் இசைக்குச் சில குணங்கள் வேண்டும். கடைச் சத்தத்தை மீறிக் கேட்க வேண்டும். முதல் சில நொடியிலேயே இன்ன பாட்டு என்று அடையாளம் தெரிய வேண்டும். கால் தானாகத் தாளம் போட வேண்டும். 1940களில் வந்த பெபாப் என்ற ஜாஸ் பாணி இந்த மூன்றையும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. அதன் மேதைமையில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அது உட்கார்ந்து கேட்கச் சொன்ன இசை. பெபாப்பின் சுரப் புலமையை விடாமல் வைத்துக்கொண்டு, பிளூஸின் அழுத்தத்தையும் ஞாயிற்றுக்கிழமைத் தேவாலயத்தின் கோஸ்பல் வேகத்தையும் அதில் திரும்ப ஏற்றியதுதான் ஹார்ட் பாப். அதிலிருந்து இன்னும் ஒரு படி இறங்கி, நடனத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றது சோல் ஜாஸ். இறங்கி என்ற சொல்லைக் கவனமாகத்தான் பயன்படுத்துகிறேன். மேடையிலிருந்து கூட்டத்துக்குள் இறங்குவதும் ஒரு இறக்கம்தானே.

1955இல் நடந்ததைக் கேளுங்கள். பியானோ வாசிப்பவர் ஹாரஸ் சில்வர். தந்தை ஆப்பிரிக்கக் கரைக்கு அப்பாலுள்ள கேப் வெர்டே தீவுகளிலிருந்து வந்தவர். சில்வர் ஒலிப்பதிவுக்குக் கொண்டுவந்த மெட்டுகளில் ஒன்றுக்குப் பெயர் ‘த பிரீச்சர்’. மத போதகர் என்று பொருள். ‘ஷோ மீ த வே டு கோ ஹோம்’ என்ற பழைய குடிகாரப் பாட்டின் ஸ்வர அடுக்கு மேல் கட்டியது. லயனுக்குப் பிடிக்கவில்லை. பழைய பாணி, இது வேண்டாம், வேறு ஏதாவது வாசியுங்கள் என்றார். சில்வர் மறுத்துவிட்டார். இது இல்லையென்றால் ஒலிப்பதிவே வேண்டாம் என்ற அளவுக்குப் பிடிவாதம். கடைசியில் லயன் இறங்கி வந்தார். தட்டு வெளியே வந்ததும் கம்பெனிக்கு அதுவரை பழக்கமில்லாத விற்பனை. அந்தச் சின்னத் தட்டின் மறுபக்கத்தில் ‘டூட்லின்’, அதுவும் சில்வருடையதே. ஜாஸ் ரசனையில் லயனின் காது பொன்னான காது. ஆனால் பெட்டிக்கு எது ஏறும் என்பதை இந்தத் தடவை அவரைவிட இசைஞர் நன்றாக அறிந்திருந்தார்.

சில்வருக்கு இந்தச் சந்தை புரிந்தது என்பதற்கு இன்னொரு சான்று. ‘சென்யோர் ப்ளூஸ்’ என்ற அவருடைய மெட்டு 1956இல் வாத்திய இசையாக வந்தது. 1958இல் அதற்கு வரிகள் சேர்த்து, பில் ஹெண்டர்சனைப் பாடவைத்து, சிங்கிளுக்கென்றே தனியாகப் பதிந்தார்கள். எல்.பி.யிலிருந்து வெட்டி எடுத்த மிச்சம்தான் சிங்கிள் என்று சொல்பவர்களுக்கு நான் காட்டும் தட்டு இது.

வெட்டுவதைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஏழு அங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று, நான்கு நிமிடம் வசதியாகக் கொள்ளும். இழுத்துப் பிடித்தால் இன்னும் கொஞ்சம் அடைக்கலாம். ஆனால் வரித்தடங்கள் நெருங்க நெருங்க ஒலியைக் குறைத்தாக வேண்டும். ஒலி குறைந்தால் பெட்டியில் எடுபடாது. ஆகவே ஒன்பது, பத்து நிமிட வாசிப்பை நடுவில் பிளந்து முதல் பாகம், இரண்டாம் பாகம் என்று இரண்டு பக்கத்தில் போட்டார்கள். நம் கச்சேரி வித்வான்கள் கிராமபோன் காலத்தில் ராகத்தை மூன்று சொச்சம் நிமிடத்துக்குள் அடக்கப் பட்ட பாட்டை அறிந்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. ஒரு வித்தியாசம் உண்டு. அவர்கள் தட்டுக்கென்றே சுருக்கி வாசித்தார்கள். இவர்கள் முழுதாக வாசித்துவிட்டார்கள், பிளந்தது பிறகு. தட்டில் முதல் பாகத்தின் கடைசியில் யாராவது ஒருவர் உச்சத்துக்கு ஏறிக்கொண்டிருக்கும்போதே ஒலி மெல்ல மங்கும். ஆத்திரம் வரும். வரட்டும். அந்த ஆத்திரத்தில்தான் அடுத்த நாணயம் பெட்டிக்குள் விழுந்தது.

இந்த வகையில் என் மனதுக்கு மிக நெருக்கமானது ‘மோனின்’. ஆர்ட் பிளேக்கியின் ஜாஸ் மெசஞ்சர்ஸ் குழு, 1958 அக்டோபர் 30, அதே ஹேக்கன்சாக் வரவேற்பறை. மெட்டு பியானோக்காரர் பாபி டிம்மன்ஸுடையது. போதகராக இருந்த தாத்தாவின் வீட்டில் வளர்ந்தவர் அவர். கச்சேரிகளில் ஒரு உருப்படிக்கும் இன்னொன்றுக்கும் நடுவே விளையாட்டாக ஒரு சின்னப் பிடியை வாசித்துக்கொண்டிருப்பாராம். டெனர் சாக்ஸபோன் வாசித்த பென்னி கோல்சனுக்கு அது காதில் விழுந்துகொண்டே இருந்தது. இதற்கு ஒரு நடுப்பகுதி எழுது, முழுப் பாட்டாக்கிவிடு என்று நச்சரித்தார். டிம்மன்ஸ் இதில் என்ன இருக்கிறது என்று தட்டிக்கழித்தும் கோல்சன் விடவில்லை. எழுதவைத்தார்.

கேட்டுப் பாருங்கள். (இசைத்தட்டு ஒலிக்கிறது.)

பியானோ தனியாக ஒரு வாக்கியம் சொல்கிறது. அதற்கு டிரம்பெட்டும் சாக்ஸபோனும் சேர்ந்து இரண்டே அடி பதில் சொல்கின்றன. அது ‘ஆமென்’. போதகர் ஒரு வரி சொல்ல, சபை ஆமென் சொல்லும் அந்த முறைதான். பிறகு இடம் மாறுகிறது. கேள்வியை ஊதுவாத்தியங்கள் எடுத்துக்கொள்கின்றன, பதிலைப் பியானோவும் டிரம்மும் சொல்கின்றன. இதைப் புரிந்துகொள்ள ஸ்வர ஞானம் தேவையில்லை. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் உட்கார்ந்தவர் எவருக்கும் எங்கே பதில் சொல்ல வேண்டும் என்று உடம்பே சொல்லிவிடும். நடுப்பகுதி வந்ததும் கோல்சன் ஏன் நச்சரித்தார் என்று தெரிகிறது. அதுவரை நிறுத்தி நிறுத்திப் பேசிக்கொண்டிருந்த தாளம் அங்கேதான் அவிழ்ந்து ஓடத் தொடங்குகிறது. அதன்பின் லீ மார்கனின் டிரம்பெட். அன்று அவருக்கு வயது இருபது. முழு உருப்படி ஒன்பதரை நிமிடம். சிங்கிளில் இரண்டு பாகம்.

ஆர்கனைச் சொல்லாமல் சோல் ஜாஸைச் சொல்ல முடியாது. லாரன்ஸ் ஹாமண்ட் 1930களில் உருவாக்கிய மின் ஆர்கன், குழாய் ஆர்கன் வாங்க வசதியில்லாத தேவாலயங்களுக்கு விற்கப்பட்டது. அதை மதுக்கடைக்குக் கொண்டுவந்தவர்கள் பலர். அதை ஜாஸ் வாத்தியமாக்கியவர் என்று யாரைச் சொல்வது எனக் கேட்டால் ஃபிலடெல்ஃபியா பக்கத்து ஜிம்மி ஸ்மித் என்றுதான் சொல்வேன். ஒரு கிடங்கில் அடைபட்டுக் கிடந்து பயிற்சி செய்தார் என்பார்கள். கால் பெடல்களின் படத்தை வரைந்து எதிரே சுவரில் ஒட்டி, குனிந்து பார்க்காமலே எந்தப் பெடல் எங்கே இருக்கிறது என்று பழகினாராம். இதில் ஒரு வியாபாரக் கணக்கும் இருக்கிறது. காலால் பாஸ் வாசித்துவிட்டால் தனியாகப் பாஸ் வாசிக்க ஆள் வேண்டாம். ஆர்கன், கித்தார், டிரம் மூன்று பேர் போதும், கடை அதிரும். கடைக்காரருக்கு ஒரு சம்பளம் மிச்சம். 1956இல் லயன் ஸ்மித்தைக் கேட்டார், உடனே பதிந்தார், அதன்பின் பதிந்துகொண்டே இருந்தார். 1960 ஏப்ரலில் ஒரே நாளில், ஸ்டான்லி டரன்டைனின் சாக்ஸபோனோடு பதிந்ததில் இரண்டு எல்.பி. கிடைத்தன: ‘மிட்நைட் ஸ்பெஷல்’, ‘பேக் அட் த சிக்கன் ஷேக்’. இரண்டின் தலைப்பு உருப்படிகளும் இரண்டு பாக சிங்கிளாகப் பெட்டிக்குள் போயின. ஸ்மித்தும், ஜீன் ஹாரிஸின் த்ரீ சவுண்ட்ஸ் குழுவும் விற்ற விற்பனைதான் விற்காத மேதைகளின் தட்டுகளுக்குப் படி அளந்தது என்று துணிந்து சொல்லலாம்.

1962இல் ஹெர்பி ஹான்காக் தன் முதல் ப்ளூ நோட் எல்.பி.க்கு வந்தார். வயது 22. சிகாகோச் சந்துகளில் தர்ப்பூசணி வண்டிக்காரர் கூவிக்கொண்டு போவதும், கருங்கல் பாவிய தரையில் வண்டிச் சக்கரம் தடதடப்பதும் சின்ன வயது ஞாபகம். அந்தத் தடதடப்பு பியானோவின் தாளமாயிற்று, வீட்டு வாசலிலிருந்து பெண்கள் வண்டிக்காரரைக் கூப்பிடும் குரல் மெட்டாயிற்று. ‘வாட்டர்மெலன் மேன்’. ஒலிப்பதிவுக்கு முன், டிரம்பெட் கலைஞர் டொனால்ட் பேர்ட் ஹான்காக்குக்கு ஒரு புத்தி சொல்லி அனுப்பினார்: பாட்டின் பதிப்புரிமையைக் கம்பெனிக்கு எழுதிக்கொடுத்துவிடாதே, ஏற்கெனவே என் சொந்தப் பதிப்பகத்தில் பதிந்துவிட்டேன் என்று சொல். ஹான்காக் அப்படியே சொன்னார். அப்படியானால் பதிய முடியாது என்று பதில் வந்தது. எழுந்து கிளம்பினார். கதவுக்குப் போவதற்குள் திரும்பக் கூப்பிட்டுவிட்டார்கள். அடுத்த ஆண்டு மோங்கோ சாண்டமரியா என்ற கியூபத் தாளக்காரர் அதே மெட்டை வாசித்து வெளியிட, அது பில்போர்டு பத்திரிகையின் பாட்டுப் பட்டியலில் பத்தாம் இடம் வரை ஏறியது. வந்த பணத்தில் ஹான்காக் ஒரு ஷெல்பி கோப்ரா கார் வாங்கினார். எத்தனையோ கறுப்பின இசைஞர்கள் தம் மெட்டை ஒரு கையெழுத்தில் இழந்த காலம் அது. அந்தக் காரைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்குச் சந்தோஷமாக இருக்கும்.

இனி லீ மார்கனின் ‘த சைட்வைண்டர்’ என்ற மெட்டு. பதிந்த நாள் 1963 டிசம்பர் 21. மோனினில் இருபது வயதாக இருந்த லீ மார்கனுக்கு இப்போது 25. நடுவில் ஹெராயின் அவரைத் தின்றிருந்தது. குழுவை விட்டு, நியூயார்க்கை விட்டு, சொந்த ஊரான ஃபிலடெல்ஃபியாவுக்குப் போய்த் திரும்பி வந்திருக்கிறார். எங்கில்வுட் கிளிஃப்ஸ் ஸ்டூடியோவில் அவரோடு வாசித்தவர்கள் ஜோ ஹெண்டர்சன், பாரி ஹாரிஸ், பாப் கிரான்ஷா, பில்லி ஹிக்கின்ஸ். இந்த ஹிக்கின்ஸ், நான்கு ஆண்டுக்கு முன் ஆர்னெட் கோல்மன் என்ற இசைஞரோடு சேர்ந்து நியூயார்க்கையே இரண்டு கட்சியாக்கிய இசைக்கு டிரம் வாசித்தவர். அதே கை இங்கே கால் ஆட்டும் தாளம் போடுகிறது. புரட்சி இசை ஒரு பக்கம், பெட்டி இசை ஒரு பக்கம் என்று ஆட்களைப் பிரிப்பவர்கள் இந்த ஒருவரை எங்கே உட்காரவைப்பார்கள்?

மெட்டு பிளூஸ்தான், வழக்கமான பன்னிரண்டு தாளக்கட்டை இருபத்து நான்காக நீட்டியது. பியானோவும் பாஸும் ஒரு சுழல் பிடியைப் பிடித்துக்கொண்டு விடுவதே இல்லை. அதன்மேல் லத்தீன் சாயல் கொண்ட தாளம். மார்கன் வாசிப்பில் ஒரு கொழுப்பு இருக்கிறது. ஸ்வரத்தைப் பாதியில் அமுக்கி, சறுக்கி, சிரிக்கவைத்துவிட்டு நகர்கிறார். பத்து நிமிடம் ஓடும் இதை இரண்டாகப் பிளந்து சிங்கிள் போட்டார்கள். 1964இல் வெளிவந்த அது பில்போர்டு முதல் நூறில் 81ஆம் இடம். எல்.பி. 25ஆம் இடம். பீட்டில்ஸ் வந்து இறங்கிய ஆண்டு என்பதை நினைவில் வையுங்கள். கம்பெனி முதலில் சில ஆயிரம் பிரதிகள்தான் அடித்திருந்தது, அவை சில நாளில் தீர்ந்தன. கிரைஸ்லர் கார் கம்பெனி கேட்காமலே தன் தொலைக்காட்சி விளம்பரத்தில் மெட்டைப் போட்டது, மார்கன் வழக்கு என்று மிரட்டிய பிறகு நிறுத்தியது.

பெரும் வெற்றி, அதனாலேயே பெரும் சங்கடம். தட்டு அடிக்கும் ஆலைக்கு முன்பணம் கட்ட வேண்டும். விநியோகஸ்தர்களோ விற்ற காசைப் பிடித்து வைத்துக்கொண்டு அடுத்த ஹிட் எங்கே என்பார்கள். அடுத்தது வந்தால்தான் முந்தையதன் பாக்கி வரும். ஆகவே எல்.பி. தோறும் முதல் உருப்படி ஒரு சைட்வைண்டர் சாயல் கொண்டதாக வரத் தொடங்கியது. மார்கனே ‘த ரம்ப்ரோலர்’ போட்டார். அந்த மெட்டை எழுதியவர் ஆண்ட்ரூ ஹில், மிகச் சிடுக்கான இசைக்குப் பேர்போனவர். ஹாங்க் மோப்லி ‘த டர்ன்அரவுண்ட்’ போட்டார். சில நன்றாக இருந்தன, சில அச்சில் வார்த்தவை. ஹாரஸ் சில்வரின் ‘சாங் ஃபார் மை ஃபாதர்’ மட்டும் யாருடைய நிழலிலும் நிற்காமல் வந்தது; தந்தையின் கேப் வெர்டே நினைவில் எழுதியது, அதுவும் இரண்டு பாக சிங்கிள். அதன் தொடக்கப் பாஸ் பிடியைப் பத்தாண்டு கழித்து ஸ்டீலி டான் என்ற ராக் குழு எடுத்துக்கொண்டது.

லயன் களைத்துவிட்டார். 1965இல் கம்பெனியை லிபர்ட்டி ரெக்கார்ட்ஸுக்கு விற்றார், 1967இல் வேலையை விட்டே விலகினார். பெட்டிக்கு ஏற்ற இசை கலையைக் கெடுத்தது, அதனால்தான் கம்பெனி போனது என்று இதற்கு ஒரு விளக்கம் சொல்வார்கள். இசை யாரையும் கெடுக்கவில்லை. கடனுக்குச் சரக்கு எடுத்துக் காசைத் தராத விநியோக முறைதான் சின்னக் கம்பெனிகளை அழுத்தியது. ப்ளூ நோட்டுக்கு மட்டுமா நடந்தது இது? அந்தக் காலத்துச் சிறு கம்பெனிகள் பலவற்றின் கதை.

லூ டொனால்ட்சனைச் சொல்லி நிறுத்துகிறேன், செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். ஆல்ட்டோ சாக்ஸபோன். பெபாப் காலத்திலேயே தொடங்கியவர், 2024இல் தன் 98ஆவது வயதில்தான் காலமானார். 1967 ஏப்ரலில் ஒரு ஒலிப்பதிவு. ஆர்கனில் லானி ஸ்மித், கித்தாரில் பின்னாளில் பெரும் புகழ் பெறப்போகும் ஜார்ஜ் பென்சன், டிரம்மில் நியூ ஆர்லியன்ஸ்காரர் லியோ மோரிஸ். பிறகு இத்ரிஸ் முகம்மது என்று பெயர் மாற்றிக்கொண்டவர். எல்லாம் வாசித்து முடித்தும் தட்டை நிரப்பும் அளவுக்கு இசை போதவில்லை. எழுதி வைத்தது வேறு எதுவும் கைவசம் இல்லை. சும்மா ஒரு பிடியைப் பிடித்து வாசித்துவைத்தோம் என்று டொனால்ட்சன் பல முறை சொல்லியிருக்கிறார். அதுதான் ‘அலிகேட்டர் பூகலூ’. எல்.பி.க்கே அதன் பெயரை வைத்தார்கள், சிங்கிள் பில்போர்டு முதல் நூறில் 93ஆம் இடத்தைத் தொட்டது. மோரிஸின் அந்த டிரம்மைக் கவனித்துக் கேளுங்கள். அவரும் டொனால்ட்சனும் அதே ஆண்டு பதிந்த இன்னொரு உருப்படியான ‘ஓட் டு பில்லி ஜோ’விலிருந்து மோரிஸின் தாளத்தை ஹிப்-ஹாப் பிள்ளைகள் எத்தனையோ தடவை வெட்டி எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். அலிகேட்டர் முழுதாக ஏழு நிமிடம் ஓடும். அதைப் போடச் சொல்லியிருக்கிறேன். கேள்விகளை அது முடிந்ததும் வைத்துக்கொள்ளலாம். ஆட நினைப்பவர்களுக்குப் பின்வரிசையில் இடம் இருக்கிறது.